ஜாக்சன் துரை காட்சிக்குப் பிறகு நடந்தது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரித்திரப் படம் ஒன்று வெளியாகும்போதெல்லாம் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. 'படம் படம்தான், அதில் போய்ப் பாடம் தேடலாமா' என்பது ஒன்று. 'சரித்திரத்தில் இம்மியும் மாறக்கூடாது' என்பது மற்றொன்று. படம் எடுக்க உட்காருகிறவருக்கு இரண்டாலும் பயனில்லை. முதலாவது அவரைப் படிக்க விடாது. இரண்டாவது அவரை எழுத விடாது.

கற்பனைக்கு இடமுண்டு என்பதே எங்கள் கருத்து. ஆனால் ஆவணம் பேசும் இடத்தில் முதலில் அதைப் படிக்க வேண்டும். மாற்றுவதானால் அறிந்தே மாற்ற வேண்டும், மாற்றியதைப் பார்வையாளரிடம் சொல்லவும் வேண்டும். பல இடங்களில் எழுதிச் சேர்த்த காட்சியைவிட ஆவணத்தில் இருப்பது வலுவானது. அதைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தைக் கொண்டே காட்டலாம்.

1959ல் பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' மேடையிலிருந்து திரைக்கு வந்த படைப்பு. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் 1957ல் அரங்கேற்றிய நாடகம் அதன் மூலம். மொழிவாரி மாநிலம் அமைந்த மறு ஆண்டு அது. விடுதலை கிடைத்துப் பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. வரி கேட்கும் ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் நீண்ட வசனத்தில் கேட்பது அந்த ஆண்டுகளின் குரல். பாஞ்சாலங்குறிச்சியின் பெயரைச் சந்துபொந்தெல்லாம் கொண்டு சேர்த்த வசனம் அது. அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. கயத்தாற்றில் நினைவிடம் எழுந்ததற்கே அந்தப் படமும், சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலை நிறுவிய சிவாஜி கணேசனும்தான் காரணம். இன்று பெரும்பாலான சிலைகளிலும் படங்களிலும் நாம் கட்டபொம்மன் என்று காணும் முகம்கூடச் சிவாஜியின் முகத்தைத் தழுவியதே.

ஆனால் 1798ல் ராமநாதபுரத்தில் நடந்தது வேறு. ஆற்காட்டு நவாபுடன் 1792ல் செய்துகொண்ட உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1798 மே 31ஆம் தேதிக் கணக்கில் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 வராகன். அன்றைய வராகன் ஒன்று ஏறக்குறைய மூன்றரை ரூபாய். கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நேரில் வரச் சொன்னார். சொன்ன இடத்தில் சந்திக்காமல் ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தார். பின்தொடர்ந்து அலைந்த கட்டபொம்மன், அந்தச் செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் அவரைச் சந்திக்க முடிந்தது. கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்பட்டார்கள். கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. மிச்சம் 1,080 வராகன்தான். அப்படியும் ஜாக்சன் கைது செய்ய முனைந்தார். கோட்டை வாசலில் நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், பிள்ளை பிடிபட்டார்.

வரியே கட்டமாட்டேன் என்று முழங்கியவரல்ல அந்தக் கட்டபொம்மன். பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, கணக்குத் தீர்க்க ஊர் ஊராக அலைந்து வந்து, அவமானப்படுத்தப்பட்டவர். எது பெரிய காட்சி என்று திரைக்கதை எழுதுபவர்களே சொல்லட்டும். இரண்டாவதில் நியாயம் முழுக்க அவர் பக்கம் நிற்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததோ பொது நினைவிலேயே இல்லை. கட்டபொம்மன் சென்னைக் கவுன்சிலுக்கு முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார்; பிரவுன், ஓரம், காசாமேஜர் ஆகிய மூவர் அதில் இருந்தார்கள். 1798 டிசம்பர் 15ஆம் தேதி கட்டபொம்மன் அதன் முன் நேரில் ஆஜரானார். ராமநாதபுரம் சம்பவத்தில் அவர்மேல் குற்றமில்லை என்று குழு முடிவு செய்தது. ஜாக்சன் பதவி இழந்தார், அவரிடத்துக்கு லூஷிங்டன் வந்தார். கம்பெனியின் சொந்தக் குழுவின் முன் நின்று ஒரு கலெக்டரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் ஒரு பாளையக்காரர்! ஜாக்சன் துரை வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்; சொல்லத் தெரியாது. ஒரு காட்சி அளவுமீறிப் புகழ்பெற்றால் அடுத்த காட்சி நினைவிலிருந்தே அழிந்துபோகும். சரித்திரப் படத்தில் நேரும் பெரிய சேதம் பொய்யைச் சேர்ப்பதால் வருவதைவிட, இப்படி உண்மை மறைந்துபோவதால் வருவதே அதிகம்.

அடுத்தது கோட்டை. சரித்திரப் படம் என்றதும் நமக்குக் கருங்கல் மதிலும் பளிங்குத் தூண் தர்பாரும் கண்முன் வந்துவிடுகின்றன. இந்தப் படத்தின் போர்க்காட்சிகளே ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண் கோட்டை. 1801 போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் அளவோடு எழுதியிருக்கிறார். இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி. மதில் ஏறக்குறைய 12 அடி உயரம், முழுக்க இறுகிய மண். ஆங்காங்கே சிறு சதுரக் கொத்தளங்கள், அவற்றில் சில பழைய பீரங்கிகள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி கிடையாது.

கலை இயக்குநருக்கு இது சின்ன விவரமாகத் தோன்றலாம். போர் நடந்த விதத்துக்கே இதுதான் காரணம். அக்காலத்துப் பீரங்கிக் குண்டுகளில் பெரும்பாலானவை திடமான இரும்பு உருண்டைகள். விழுந்த இடத்தில் அவை வெடிப்பதில்லை, மோதி உடைக்கும். கல் மதில் அந்த மோதலில் விரிசல் விட்டுச் சரியும். இறுகிய மண் மதிலோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். சரிந்த இடத்தை இரவோடு இரவாக மண்ணும் பனைமரமும் போட்டு அடைத்துவிடலாம். முள்வேலியைக் கடக்கத் தடுமாறும் சிப்பாய் மதில் மேலிருப்பவனின் ஈட்டிக்கு எட்டும் தூரத்தில் நிற்பான். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி கம்பெனிப் படையின் மேஜர் பானர்மன் நடத்திய தாக்குதல் இந்தக் கோட்டையில்தான் முறிந்தது. பாளையங்கோட்டையிலிருந்து பெரிய பீரங்கிகள் வருகின்றன என்றான பிறகுதான் கட்டபொம்மன் இரவில் கோட்டையை விட்டு வெளியேறினார். அவருடைய தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையில் 1801 மார்ச் 31ஆம் தேதி கம்பெனி அதிகாரி மெக்காலே நடத்திய தாக்குதலும் தோற்றது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்து மே 24ஆம் தேதி பிடிக்கும்வரை கோட்டை தாக்குப்பிடித்தது. படங்களில் ஒவ்வொரு குண்டும் தீப்பிழம்பாக வெடித்துக் கல் மதில் சிதறுகிறது. அப்படிச் சிதறியிருந்தால் இந்தப் போர் ஒரு பகல்கூட நீடித்திருக்காது. படப்பிடிப்புக்கு மண் மதிலை அமைப்பதற்குச் செலவும் குறைவு.

இப்போது ஊரில் பயணிகள் பார்ப்பது 1974ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. 1801ல் தரைமட்டமாக்கப்பட்ட பழைய கோட்டையின் அடித்தளம் தனியே இருக்கிறது. புதுக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு அதுதான் கோட்டை என்று திரும்புகிறவர்களே அதிகம்.

தாக்க வந்த படையில் யார் இருந்தார்கள் என்பதும் திரையில் சரியாக வருவதில்லை. சிவப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் அணிவகுத்து வருவார்கள். உண்மையில் கம்பெனிப் படையின் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்களே. அவர்களோடு கம்பெனி பக்கம் சேர்ந்த பாளையக்காரர்களின் ஆட்களும் நின்றார்கள். மதிலின் இருபுறமும் நம் மொழி பேசியவர்கள் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டால் ஒட்டுமொத்தக் காட்டிக்கொடுத்தலையும் ஒரே ஒருவர் தலையில் சுமத்த வேண்டிய நெருக்கடி திரைக்கதைக்கு வந்துவிடுகிறது. எட்டயபுரத்துக்கு நேர்ந்தது அதுதான். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் எல்லைத் தகராறில் நெடுநாள் பகை கொண்ட பாளையங்கள். எட்டயபுரம் கம்பெனியோடு வெளிப்படையாகவே சேர்ந்து நின்றது. அதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கூட இருந்து குழிபறித்தவர் என்பது வேறு, எதிர் அணியில் நின்றவர் என்பது வேறு. கோட்டைக்குள் தூது என்று வந்து உளவு பார்த்துப் போனவர் பானர்மன் அனுப்பிய ராமலிங்க முதலியார். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். எட்டப்பன் என்ற எட்டயபுரப் பரம்பரையின் பெயர் மட்டும் வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது, படம் அதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1799ஐயும் 1801ஐயும் ஒன்றாகக் கலப்பதும் வழக்கமாகிவிட்டது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதோடு கதை முடிந்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. அந்த ஜூன் மாதம் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அது தனிப் படம். ஒரு பாளையத்தின் சண்டை பல சீமைகளின் போராக விரிந்த கட்டம். இரண்டு போர்களையும் ஒரே போராகச் சுருக்கினால் அந்த விரிவு தெரியாமலே போய்விடும்.

கயத்தாற்றுக் காட்சிக்கு வருவோம். அன்று நடந்ததை நீதிமன்ற விசாரணை என்றே சொல்ல முடியாது. பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண்முன் குற்றச்சாட்டுகளைப் படித்துத் தூக்குத் தண்டனையை அறிவித்தார் பானர்மன். மறுநாளே, அக்டோபர் 17ஆம் தேதி, அரசுக்கு எழுதிய கடிதத்தில் தன் கைதி நடந்துகொண்ட விதத்தை விவரித்திருக்கிறார். விசாரணை நெடுகிலும் கட்டபொம்மன் அஞ்சாமல், யாரையும் பொருட்படுத்தாமல் நின்றார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்தார். தூக்குமரத்துக்கு உறுதியான நடையில் போனார். இருபுறமும் இருந்த பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டே கடந்தார். வழியில் அவர் கவலைப்பட்டது வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும்தான். மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக்கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினாராம். கால்டுவெல் 1881ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தக் கடிதம் எடுத்துத் தரப்பட்டிருக்கிறது. தூக்கிலிட்டவனே எழுதிவைத்த சாட்சியம் இது. கட்டபொம்மனைப் புகழ அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. இதற்குமேல் ஒரு வசனம் எழுதத் தேவையில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். திரைக்கதையின் முதல் வடிவம் முடிந்ததும் காட்சிக்கு ஒரு வரி வீதம் அட்டவணை போடுங்கள். நாள், இடம், உடனிருந்தவர்கள், ஆதாரம், படத்தில் மாற்றியது, மாற்றிய காரணம் என்று ஆறு கட்டங்கள் போதும். ஆதாரக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காட்சி கற்பனை, அதில் தவறில்லை. ஆதாரம் இருந்தும் காரணக் கட்டம் காலியாக இருந்தால் அங்கேதான் பிழை. படப்பிடிப்புக்குப் பிறகு இந்த அட்டவணையைப் போட்டுப் பயனில்லை. அரங்கம் கட்டிய பிறகு மதிலை யாரும் மண்ணாக்கமாட்டார்கள்.

எந்த ஆதாரத்தை எதற்கு நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் வருவாய், ராணுவ நடவடிக்கைக் குறிப்புகள் தேதி வரிசையில் கிடைக்கின்றன. தேதி, பணக்கணக்கு, படை நகர்வு ஆகியவற்றுக்கு அவை நம்பகமானவை. எதிராளியின் நோக்கத்தைப் பற்றி அவை சொல்வதை அப்படியே எடுக்கக்கூடாது. வரி வராத இடமெல்லாம் அவர்களுக்குக் கலகம்தான். வெல்ஷின் குறிப்புகள் கண்ணால் கண்டவரின் எழுத்து, ஆனால் முப்பது ஆண்டு கழித்து அச்சேறியது. நா.வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலில் தேதி தேடினால் ஏமாற்றமே. கம்பெனி குறித்துவைக்காத, கட்டபொம்மன் பக்கத்து வீரர் பகதூர் வெள்ளை போன்றவர்கள் வாழ்வது அதில்தான். ஊர் அந்தப் போரை எப்படி உணர்ந்தது என்பதும் அதில்தான் கிடைக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க கே.ராஜய்யனின் பாளையக்காரர் ஆய்வுகள் நல்ல தொடக்கம்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். திருநெல்வேலிச் சீமை ஏடுகளில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால், அப்போதிருந்து டிசம்பர் முடிய 824ம், ஜனவரி முதல் ஆடி முடிய 825ம் கூட்ட வேண்டும். கட்டபொம்மன் இறந்தது கொல்லம் 975ல். எப்போதும் 825ஐயே கூட்டிப் பழகினால் அது 1800 ஆகிவிடும்.

பொருட்களில் அடிக்கடி தவறுவது கொடி. இன்று நாம் அறிந்த பிரிட்டிஷ் கொடியில் மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகச் செல்லும் சிவப்புக் கோடுகள், அயர்லாந்து இணைந்த பிறகு 1801 ஜனவரி 1 முதல் சேர்ந்தவை. 1799ல் நடக்கும் காட்சியில் அந்தக் கொடி பறக்கக்கூடாது. கம்பெனிக்கோ சிவப்பு, வெள்ளைப் பட்டைகளும் மூலையில் பழைய யூனியன் சின்னமும் கொண்ட தனிக் கொடி இருந்தது. அடுத்தது துப்பாக்கி. தேர்ந்த சிப்பாயால் நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை மட்டுமே சுட முடியும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள், களமெங்கும் வெண்புகை மண்டியது. ஒருவர் ஓடிக்கொண்டே அடுத்தடுத்துச் சுடும் காட்சி நூறு ஆண்டு முந்திப் பிறந்தது. ஓலையில் இன்றைய அச்செழுத்தைப் புள்ளிகளோடு எழுதிக் காட்டுவதும் தவறு. பழைய ஓலைகளில் மெய்க்குப் புள்ளி வைப்பது அரிது.

இன்னும் பின்னால் போகும் படங்களில் பிழை வேறு வகை. சோழர் கதை என்றால் சமையற்கட்டில் சிவந்த மிளகாயையும் உருளைக்கிழங்கையும் காட்டக்கூடாது. போர்ச்சுகீசியர் வருகைக்கு முன் அவை இங்கே இல்லை, காரத்துக்கு மிளகுதான். ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைப் படமாக்குகிறவர் காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டைப் படிக்காமல் தொடங்கக்கூடாது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த சொத்தைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அடுத்து அரசேறிய உத்தம சோழன்மேல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகம் கொண்டார், மற்றொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி அந்த இடைவெளியில் நந்தினியைப் படைத்தார். 2022லும் 2023லும் வந்த 'பொன்னியின் செல்வன்' படங்கள் கல்கியின் நாவலைத் தழுவியவை என்று தங்களைச் சொல்லிக்கொண்டன. அது நேர்மையான வழி. இருந்தும் பார்த்துவிட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் நந்தினியின் கல்வெட்டு எந்தக் கோயிலில் என்று தேடினார்கள். குந்தவை, வந்தியதேவர் பெயர்களோ தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கின்றன. யார் கல்வெட்டில் இருப்பவர், யார் நாவலில் பிறந்தவர் என்று படம் முடியும்போது பத்து வரியில் காட்டியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திராது.

எங்கள் வேண்டுகோள் அந்தப் பத்து வரிதான். தொடக்கத்தில் போடும் 'இதில் வரும் சம்பவங்கள் கற்பனையே' என்ற வாசகம் வழக்கு வராமல் காக்கும், பார்வையாளருக்கு ஒன்றும் சொல்லாது. படத்தின் முடிவில், பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கும் முன், ஒரு நிமிடத்துக்குள் மூன்று பகுதியாகக் காட்டலாம்: ஆவணத்தில் உள்ளவை, வாய்மொழியாக வந்தவை, இந்தப் படத்துக்காக எழுதப்பட்டவை. மேலே சொன்ன அட்டவணை கையில் இருந்தால் உதவி இயக்குநர் ஒருவர் ஒரே மாலையில் இதை எழுதிவிடுவார்.

தங்கள் நாளிதழும் உதவலாம். சரித்திரப் படத்துக்கு விமர்சனம் வரும் நாளில் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் அந்தக் காலத்தின் தேதிகளையும் ஆதாரங்கள் எங்கே உள்ளன என்பதையும் வெளியிடுங்கள். கட்டபொம்மன் பற்றி அடுத்த படம் வந்தால், அந்தக் கட்டத்தின் முதல் வரி 1798 டிசம்பர் 15 ஆக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாளையக்காரர் கால ஆவணங்களில் ஈடுபாடுள்ள வாசகர்கள்,
திருநெல்வேலி